கோணேசக்காவின் வண்டிலும் பதினான்கு மான்களும்

கோணேஸ்வரியைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் என் முட்டாள்தனத்தைப் பற்றி எழுதவேண்டும். அதை ஒளித்துவிட்டு அவருடைய கதையை மட்டும் சொல்லிவிடலாமா என்று நானும் பலமுறை முயன்று பார்த்தேன். சரிவரவில்லை.

என் பெயர் பஹ்மி. ஊர் கிண்ணியா. திருகோணமலை நகரத்துச் சபை அலுவலகத்தில், அந்தக் கந்தோரின் திட்டமிடல் பிரிவில் வேலை. நாடு சூடாகிக்கொண்டு போவதற்கு என்ன செய்யப்போகிறோம் என்று கொழும்பில் தடித்த புத்தகம் ஒன்று அச்சடிப்பார்கள். அது மாவட்டத்துக்கு வரும்போது ஒரு பைல் கோவையாக மெலியும். எங்கள் மேசைக்கு வரும்போது நான்கு பக்கக் கடிதமாக வரும். அந்த நான்கு பக்கத்தையும் றோட்டில் நடத்திக்காட்டுவது எங்கள் பொறுப்பு என்று கடைசிப் பந்தியில் எழுதியிருக்கும். நாங்கள் அதற்கு ஒரு படம் கீறி, ஒரு கோவை திறந்து, ஆளை நியமிப்போம். உண்மையில் நடத்திக்காட்டுகிறவர் காலை ஐந்தரைக்குக் கையுறை போட்டுக்கொண்டு குப்பை வண்டில் தள்ள வருகிறவர்தான். எங்கள் நகரில் அவர் கோணேஸ்வரி. நான் கோணேசக்கா என்று கூப்பிடுவேன்.

அவருக்கு வயது நாற்பத்துநான்கு. வீடு லிங்கநகரில். சபையில் சுகாதாரத் தொழிலாளியாகப் பதினாறு வருடம். ஆள் கட்டை, குரல் பெரிது. கோபம் வந்தால் அதிகாரி மரியாதைக்கு என்னை ‘சேர்’ என்பார், மனம் நன்றாக இருந்தால் ‘தம்பி’ என்பார். கந்தோருக்குள் அவர் நுழையும்போது முதல் வார்த்தையைக் கேட்டே அன்றைய நிலைமையைத் தெரிந்துகொள்ளலாம்.

வெயிலோடு அவருக்குத் தனிப்பட்ட பகை இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சித்திரை மாதப் பகல், அவருடைய மகள் சிவரூபி பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் லிங்கநகர் றோட்டில் மயங்கி விழுந்துவிட்டாள். பூட்டிக் கிடந்த ஒரு டயர்க்கடைக்கு முன்னால், கொதிக்கிற தாரில், யாரோ வந்து தூக்கும் வரைக்கும் கிடந்தாள். முழங்கையில் அந்தச் சூட்டுக் காயத்தின் தழும்பு இன்னும் இருக்கிறது. அந்த றோட்டில் ஒரு கிலோமீற்றருக்கு ஒரு மரம் கிடையாது. ‘பிள்ளை ஒதுங்கி நிக்க ஒரு கொப்புக் கிடையாதே அந்த றோட்டில’ என்று அக்கா சொல்லும்போதெல்லாம் குரல் இறங்கிவிடும்.

ஒரே வருடத்தில் எங்களுக்கு இரண்டு கடிதம் வந்தது. முதலாவது, சந்தைக் கழிவைக் குப்பைமேட்டில் கொட்டக்கூடாது, அது அழுகி வரும் வாயு உலகத்தைச் சூடாக்குகிறது, ஆகவே பிரித்தெடுத்து, மக்கவைத்துச் சேதனப் பசளையாக்க வேண்டும் என்றது. இரண்டாவது, நகர றோட்டுகளில் நிழல்மரம் வைக்கச் சொன்னது. முதற்கட்டமாக நகரத்தின் நடுவில் இருநூற்று நாற்பது கன்று. ஆறு மாதத்தின் பின் கொழும்பிலிருந்து ஆள் வந்து எண்ணுவார்கள். நாலில் மூன்று பங்கு, அதாவது நூற்றெண்பது, உயிரோடு நின்றால் இரண்டாம் கட்டம் கிடைக்கும். அது லிங்கநகர் பள்ளிக்கூட றோட்டுக்கு. குறைந்தால் இரண்டாம் கட்டம் வேறு நகரத்துக்குப் போய்விடும்.

தொழிலாளர் கூட்டத்தில் நான் இதை வாசித்தபோது கோணேசக்கா எழும்பி நின்றார்.

“எந்த றோட்டு எண்டு சொன்னனீங்கள்?”

“லிங்கநகர் பள்ளிக்கூட றோட்டு அக்கா.”

“திருப்பி வாசியுங்கோ தம்பி.”

வாசித்தேன். மூன்றாம் தரமும் வாசிக்கச் சொன்னார். பிறகு, கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் காவலும் தன் பொறுப்பு என்று தானே பெயரைக் கொடுத்தார். மரக்கறிச் சந்தைக் கழிவை வண்டிலில் பசளைக் கொட்டிலுக்குக் கொண்டுபோகும் வேலை ஏற்கெனவே அவருடையதுதான். இரண்டையும் செய்வேன் என்றார்.

கார்த்திகை மாத மழையோடு கன்றுகளை வைத்தோம். மருது, நாவல், மகிழ். சந்தையடியிலிருந்து பஸ் நிலையத்தைத் தாண்டிப் போகிற பெரிய றோட்டின் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றன. பத்திரிகையில் படம் வந்தது. நான் அந்தப் படத்தை வெட்டி வீட்டு அலுமாரிக் கதவில் ஒட்டினேன். பெருமை அப்படியிருந்தது.

பெருமை ஐந்து நாள் நிலைத்தது.

எங்கள் நகரத்தில் மான்கள் மனிதர்களைப் போலத் திரியும். அரசாங்கக் கச்சேரிக் கட்டடப் பக்கம் நிற்கும், கடற்கரையில் படுக்கும், பஸ் வந்தாலும் தன்பாட்டில் றோட்டைக் கடக்கும். வெளியூர்க்காரர் நின்று படம் எடுப்பார்கள். நாங்கள் ஹோர்ன் அடிக்காமல் காத்திருப்போம். கோணேசர் கோயில் மான் என்று சனம் மரியாதை வைத்திருக்கிறது. அவற்றின் மேல் கைவைக்க ஒருவரும் துணியமாட்டார்கள். மான்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஆறாம் நாள் காலை எட்டுக் கன்றின் தளிர் இல்லை. மறுநாள் ஆறு. தை மாத நடுவில் தொண்ணூற்றுக்கும் மேற்பட்டவை வெறும் தடியாக நின்றன. தினமும் காலை எட்டு மணிக்கு நான் றோட்டை நடந்து, அன்றைக்குக் கடிபட்டவற்றை, முன்பு கடிபட்டுத் திரும்பத் துளிர்த்தவை உட்பட, எண்ணி ஒரு அட்டவணையில் எழுதுவேன். அக்கா அந்தத் தாளைப் பார்க்காமல் வீட்டுக்குப் போகமாட்டார். பார்த்துவிட்டு, “லிங்கநகர் போச்சு சேர்” என்பார். அந்த ‘சேர்’ என்னை நித்திரை கொள்ள விடவில்லை.

மீன் கழிவை ஊறவைத்துத் தெளித்தால் மான் அண்டாது என்று யாரோ எழுதியதை நான் எங்கேயோ வாசித்திருந்தேன். அதைச் சொன்னேன்.

“உங்களுக்கென்ன விசரோ தம்பி? சிவராத்திரி வருது. கோணேசர் நகர்வலம் வாற றோட்டில மீன் நாத்தமோ? சனம் என்னையும் சேத்து ஊர்வலம் கொண்டுபோகும்.”

அந்த யோசனை அத்தோடு முடிந்தது. அவருடைய யோசனைக்குப் போனோம். சாம்பல்தீவுக்கு அங்கால் சல்லியில் இருக்கும் மச்சானிடம் பழைய நைலோன் வலை வாங்கி வந்து கன்றுகளைச் சுற்றிக் கட்டினார். மூன்றாம் நாள் காலை ஒரு கொம்பன் மான் வலையில் கொம்பு சிக்கித் துள்ளிக்கொண்டு நின்றது. சுற்றிவர நூறு பேர். ஒருவரும் கிட்டப் போகவில்லை. அக்கா சந்தைக்குள் ஓடி, முட்டைக்கோவா வெட்டுகிற கத்தியை வாங்கி வந்து, தன் சீலைத் தலைப்பால் மானின் கண்ணை மூடி, வலையை அறுத்துவிட்டார். மான் நன்றிக்கடனாக முழங்காலில் ஒரு உதை கொடுத்துவிட்டுப் பறந்தது. டொக்டர் மூன்று நாள் லீவு எழுதினார். அன்றே வலையெல்லாம் கழற்றப்பட்டது.

அந்த மூன்று நாளும் சந்தைக் கழிவை ட்ராக்டர் ஏற்றிக்கொண்டு போனது. நான் வழக்கம்போல நடந்து எண்ணி எழுதினேன். வலை இல்லாத கன்றுகள் என்ன பாடுபடப்போகின்றனவோ என்ற பயத்தில், எழுதியதன் அர்த்தம் என் மண்டையில் ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை நொண்டிக்கொண்டு வேலைக்கு வந்தவர், வண்டில் வேலை முடித்து, கந்தோருக்குள் வந்து தாளைக் கையில் எடுத்தார். விரலை மேலிருந்து கீழே இழுத்தார். ஆறு, எட்டு, ஐந்து, ஏழு. பிறகு விரல் நின்றது.

“இந்த மூண்டு நாளும் சைபர் போட்டிருக்கு. எண்ணாமல் போட்டனீங்களோ?”

“இல்லை அக்கா. சத்தியமாக நடந்து எண்ணினனான்.”

“இண்டைக்கு?”

“ஒன்பது.”

அவர் என் கதிரையில் இருந்துவிட்டார். நான் நின்றேன்.

“நான் வராத நாள் ஒண்டும் கடிபடேல்லை,” என்றார் மெதுவாக. “நான் வந்த நாள் ஒன்பது.”

மறுநாள் ஐந்தரைக்கு நானும் போனேன். கோணேசக்கா சந்தையிலிருந்து வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தார். வண்டில் நிறையக் கோவா இலை, கரட் தலைப்பு, வாழைக்காய்த் தோல். பின்னால் பதினான்கு மான். வரிசையாக, அவசரமில்லாமல், சம்பளம் எடுக்க வருகிற ஆட்களைப் போல வந்தன. இது நகரத்தில் யாரும் காணாத காட்சியல்ல. எத்தனையோ வருடமாக அவர் போகும் வழியில் நாலு இலையை எறிவார், அவை தின்றுகொண்டு பின்னால் வரும். ஒவ்வொன்றுக்கும் பெயர்கூட வைத்திருந்தார். நாங்கள் எல்லோரும் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவோம். அன்றைக்குத்தான் நான் பின்னால் நின்று பார்த்தேன். முன்னுக்கு நின்ற ஆறேழு மானுக்கு இலை கிடைத்தது. கிடைக்காதவை அக்கம்பக்கம் பார்த்தன. அக்கம்பக்கத்தில் எங்களுடைய மருதும் மகிழும் நின்றன.

அக்கா திரும்பிப் பார்த்தார். ‘சின்னவன்’ என்று அவர் செல்லமாகக் கூப்பிடுகிற குட்டி மான் ஒரு நாவல் கன்றின் நுனியை வாயில் வைத்திருந்தது. அவருடைய முகத்தை அன்று பார்த்ததை நான் மறக்கமாட்டேன். சொந்தப் பிள்ளையின் சாப்பாட்டைத் தானே தட்டிவிட்டவர் போல நின்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். கவலை போய்க் கோபம் வந்திருந்தது.

“வண்டில் இந்த றோட்டால போகவேணும் எண்டு படம் கீறினது ஆர் சேர்?”

“நான்தான்.”

“மரக்கண்டு இந்த றோட்டில வைக்கவேணும் எண்டு கீறினது?”

“அதுவும் நான்தான் அக்கா.”

“ரெண்டையும் ஒரே ஆளோ கீறினது?”

ஓம், ஒரே ஆள்தான். பசளைத் திட்டம் மஞ்சள் கோவை, மரத் திட்டம் பச்சைக் கோவை. வண்டில் தள்ள வசதியான நல்ல றோட்டு என்று ஒரு படத்தில் கோடு போட்டேன். அகலமான றோட்டு என்று அதே றோட்டில் மற்றப் படத்தில் புள்ளி வைத்தேன். ஒரு கோவை இடதுபக்க அலுமாரியில், மற்றது வலதுபக்க அலுமாரியில். இரண்டு படத்தையும் ஒருநாளும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கவில்லை. உலகத்தைக் குளிரவைக்கப் போட்ட ஒரு திட்டம் மற்றத் திட்டத்தைத் தின்றுகொண்டிருந்தது. இதற்கு மானைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

வண்டிலின் பாதையை மாற்றுவோம் என்றேன். எங்கள் வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர் ஞானசேகரம் நல்ல மனிதர், ஆனால் சட்டம் என்றால் சட்டம். அங்கீகரித்த பாதையை மாற்றக் கூட்டத்தில் தீர்மானம் வேண்டும், கூட்டம் அடுத்த மாதம் என்றார்.

“மான் கூட்டம் முடியுமட்டும் சாப்பிடாமல் இருக்குமோ ஐயா?” என்று கேட்டார் அக்கா.

“கோணேஸ்வரி, பாதை மாறிப் போனால் நான் எழுத்தில தரவேண்டி வரும்.”

“தாங்கோ.”

இலை போடுவதை நிறுத்தினால் போதாதா என்று நான் கேட்டேன். ஏலாது என்றார். “இப்ப கண்டின்ர ருசி கண்டிட்டுதுகள். மூண்டு நாள் வராததுகள் நாலாம் நாள் தானாத் தேடி வருங்கள். பழக்கினவள் நான். நான்தான் மாத்திப் பழக்கவேணும்.”

அடுத்த நாளே வண்டிலைச் சந்தையின் பின்வழியால் திருப்பினார். அங்கிருந்து கடற்கரைப் பக்கத்துத் திறந்த வெளிக்குப் போய், மான்களுக்கு இலையை ஒரே இடத்தில் கொட்டி, அவை தின்னும் வரைக்கும் நின்று, பிறகு சுற்றுவழியால் பசளைக் கொட்டிலுக்குப் போவார். தூரம் இரண்டு மடங்கு. பாதிவழி மணல். அடிபட்ட முழங்கால். முதல் வாரம் பாதி மான் பழைய றோட்டில் போய் நின்று பார்த்துவிட்டு ஏமாந்து திரும்பியது. சில காலைகளில் நானும் தள்ளினேன். கந்தோருக்குப் போட்டுக்கொண்டு போகும் வெள்ளைச் சேட்டில் கரட் சாயம் பிடித்தது. அதைப் பார்த்து என் மனைவி அப்ரா, “சபையிலயா வேல, சந்தையிலயா?” என்று கேட்டாள்.

ஓவசியர் சொன்னபடி எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். அதைத் தட்டச்சு செய்தவன் நான். அக்கா வாசித்துவிட்டு மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். “தமிழ் நல்லா இருக்கு தம்பி” என்றார். பத்து நாள் கழித்து ஒரு காலை நாங்கள் அந்தக் கடற்கரை வெளிக்குப் போனபோது, அங்கே ஒரு கிணற்று வளையம் அடிப்பக்கம் சீமெந்து பூசித் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தது. பக்கத்தில் ஓவசியர் நின்றார். “இலை மட்டும் போட்டால் காணாது, தண்ணியும் வேணும்” என்றார், எங்களைப் பார்க்காமலே. அடுத்த கூட்டத்தில் பாதை மாற்றத் தீர்மானத்தை முன்மொழிந்தவரும் அவர்தான்.

அட்டவணையில் இலக்கம் இறங்கியது. நாலு. இரண்டு. ஒன்று. மாசி கடைசியில் தொடர்ந்து ஒன்பது நாள் சைபர். அக்கா கொட்டிலில் முற்றிய பசளையை வாளியில் கொண்டுவந்து ஒவ்வொரு தடியின் அடியிலும் போட்டார். தண்ணீர் பவுசர் வராத நாளில் பஸ் நிலையக் குழாயில் பிடித்து ஊற்றினார். பங்குனி வெயிலில் தார் உருகியபோது, வெறும் தடிகளின் பக்கவாட்டில் ஊசிமுனை அளவு பச்சை தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

வைகாசிக் கடைசியில் எண்ண வந்தவர் பிரியதர்சினி என்ற இளம் அதிகாரி. கொழும்பிலிருந்து முதல்நாளே வந்துவிட்டார். குடை, தொப்பி, தாள்பலகை, மிகவும் கண்டிப்பு. அக்காவும் காலை ஏழு மணிக்கே நிற்கவேண்டும் என்று உத்தரவு. ஆகவே அன்றைக்கு வண்டில் போகவில்லை. இதன் விளைவை எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

ஒன்பதாவது கன்று இலையில்லாத தடி. பிரியதர்சினி “இறந்தது” என்று எழுதினார்.

“செத்துப்போனன் எண்டு அது சொன்னதோ மிஸ்?” என்றார் அக்கா.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அக்கா குனிந்து பெருவிரல் நகத்தால் தடியின் பட்டையைச் சுரண்டினார். உள்ளே ஈரப் பச்சை. அதிகாரி குனிந்து பார்த்தார். எழுதியதை வெட்டினார். அடுத்த தடியை அவரே தன் நகத்தால் சுரண்டினார். அதுவும் பச்சை.

தொண்ணூறாவது கன்றடியில் நிற்கும்போது மணி ஒன்பது. ஓவசியர் என் கையைப் பிடித்தார். றோட்டின் கடற்கரைப் பக்க முனையால் மான்கள் வந்துகொண்டிருந்தன. பதினான்கும். கடற்கரை வெளியில் வண்டிலுக்காகக் காத்திருந்து, காணாமல், அக்காவைத் தேடி வந்திருந்தன. இரண்டு பக்கமும் ஆறு மாதம் பாடுபட்டு வளர்த்த தளிர். இப்போது இந்தப் பெண்ணுக்கு முன்னாலேயே தின்னப்போகின்றன, லிங்கநகர் கண்ணெதிரே போகப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

அக்கா கையில் ஒரு இலைகூட இல்லை. அவர் ஓடவுமில்லை, கத்தவுமில்லை. றோட்டின் நடுவால் மான்களை நோக்கி நடந்தார். அவற்றைத் தாண்டிப் போனார். திரும்பிப் பார்க்காமல், “வாங்கோ, இஞ்ச என்ன உங்களுக்கு வேலை” என்றார். முன்னால் நின்ற கொம்பன் திரும்பியது, வலையில் சிக்கிய அதே கொம்பன். மற்றவை அதன் பின்னால் திரும்பின. சின்னவன் மட்டும் ஒரு மகிழங்கன்றுக்குக் கழுத்தை நீட்டியது.

“டேய்!”

அந்த ஒற்றைச் சத்தத்துக்குக் கழுத்தை இழுத்துக்கொண்டு ஓடிப்போய் வரிசையில் சேர்ந்தது. ஒரு தளிரும் தொடாமல் பதினான்கும் அவருக்குப் பின்னால் கடற்கரைக்குப் போயின. பஸ் நிலையத்தில் நின்ற சனம் கைதட்டியது. ஓவசியர் ஞானசேகரமும் தட்டினார்.

பிரியதர்சினி பேனையைத் தூக்கியபடி நின்றார்.

“இது உங்கட எந்தத் திட்டத்தில இருக்கு?” என்று என்னைக் கேட்டார்.

“ஒண்டிலயும் இல்லை மிஸ்.”

“எழுதுங்கோ,” என்றார். “முதல் பக்கத்தில எழுதுங்கோ.”

மீதியை அவர் தன் நகத்தாலேயே சுரண்டிச் சுரண்டி எண்ணினார். மொத்தம் இருநூற்றாறு. நான் சப்பாத்தோடு மணலில் ஓடினேன். அக்கா கடற்கரை வெளியில், கிணற்று வளையத்தின் விளிம்பில் இருந்தார். சுற்றிவர மான்கள் படுத்திருந்தன.

“எத்தினை?”

“இருநூற்றாறு!”

“அப்ப லிங்கநகர்?”

“லிங்கநகர்தான் அக்கா!”

அவர் எழும்பி, இரண்டு கையையும் மேலே தூக்கி ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், பதினான்கு மானும் பயந்து நாலு திசையும் பாய்ந்தன. ஆறு மாதமாக ஒருவராலும் துரத்த முடியாத மான்களை அக்காவின் சந்தோசம் துரத்தியது. நாங்கள் இரண்டுபேரும் வயிறு நோகச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அவர் அழுதார்.

இந்தக் கார்த்திகையில் லிங்கநகரில் நட்டோம். இப்போது கந்தோரில் மஞ்சள் கோவை, பச்சைக் கோவை என்று இரண்டு கிடையாது. ஒரே படம். கன்றுக்குப் புள்ளி, வண்டிலுக்குக் கோடு, மான் போகிற வழிக்கு அக்கா தன் கையால் நீலப் பேனையில் போட்ட இன்னொரு கோடு. அந்த நீலக் கோடு இல்லாத படத்தில் ஓவசியர் இப்போது கையெழுத்து வைப்பதில்லை.

நடுகைக்கு முன், பெரியவர்கள் முதல் கன்றை எங்கே வைப்பது என்று பள்ளிக்கூட வாசலில் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். அக்காவைக் காணவில்லை. தேடிப்போனேன். அந்தப் பூட்டிக் கிடக்கும் டயர்க்கடைக்கு முன்னால் மண்வெட்டியோடு நின்றார். குழி முழங்கால் ஆழத்துக்குப் போயிருந்தது. பக்கத்தில் சிவரூபி பள்ளிக்கூட உடுப்போடு ஒரு மருதங்கன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“தாங்கோ அக்கா, நான் வெட்டுறன்” என்று கையை நீட்டினேன்.

“மற்றக் குழியெல்லாம் நீங்கள் வெட்டுங்கோ தம்பி,” என்றார். “இது என்ர.”